நாற்பத்தொரு கீறல்

அவரை எல்லோரும் வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வாத்தியார். இருபத்திரண்டு வருஷமாக ஒரே டிரைவிங் ஸ்கூல், ஒரே வேலை, ஒரே இருக்கை. ஓட்டுகிறவர் இருக்கை என்று நினைத்துவிடாதீர்கள். அதில் மாணவர்கள் உட்காருவார்கள். வாத்தியாருக்குப் பக்கத்து இருக்கை. அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக், தனியாக ஒரு கிளட்ச். மாணவர் சுவரைப் பார்த்து வண்டியை விட்டால் வாத்தியார் மிதிப்பார். மாணவர் பேருந்தைப் பார்த்து மலைத்துப்போய்க் கையை எடுத்துவிட்டால் அதற்கும் வாத்தியார்தான் மிதிப்பார். பிழைப்பு முழுக்கக் காருக்குள்ளேயே கழிந்த மனிதர், வண்டியை ஓட்டியதைவிட நிறுத்தியதுதான் அதிகம்.

பிரேக் மிதித்துப் பழகிய அந்த வலது கால் அவர் பேச்சைக் கேட்காது. பேருந்தில் போனால் டிரைவருக்கு முன்னால் இவர் கால் தரையை அழுத்தும். சாப்பாட்டு மேஜைக்கு அடியிலும் அழுத்தும். அவர் மனைவி ஒரு துணிக்கடையில் வாடிக்கையாளர்களின் உடுப்புகளை அளவு திருத்தித் தைக்கிறவர். நாள் முழுக்க வாயில் குண்டூசி வைத்திருப்பதாலோ என்னவோ, வீட்டுக்கு வந்ததும் அடக்கிவைத்த பேச்செல்லாம் அணை உடைந்த மாதிரி வரும். அப்போதெல்லாம் மேஜைக்கு அடியில் டொக்கென்று சத்தம் கேட்கும்.

"இப்ப எதுக்கு பிரேக்கு? நான் இன்னும் முடிக்கல" என்பார் அந்த அம்மா.

வாத்தியாருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. அது மனைவிக்கு மட்டும்தான் தெரியும். ஸ்கூலின் பழைய காரில், டாஷ்போர்டுக்கு அடியில், அவர் முட்டிக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு தகர விளிம்பு இருந்தது. எந்த மாணவராவது அவரை நிஜமாகவே மேலே அனுப்பப் பார்த்தால், வண்டி நின்று, அந்த ஆள் இறங்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, வாத்தியார் வீட்டுச் சாவியை எடுத்து அந்த விளிம்பில் ஒரு கீறல் போடுவார். சும்மா பயமுறுத்தியவர்களுக்கெல்லாம் கிடையாது. வயிற்றில் நன்றாகப் புளியைக் கரைத்திருக்க வேண்டும். அந்தக் கார் ஓடிய பதினொரு வருஷத்தில் நாற்பத்தொரு கீறல். பதினேழாவது மட்டும் கோணல். அதைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த மாணவர் திரும்ப ஏறி உட்கார்ந்து கிளட்சை விட்டுவிட்டார். வண்டி குதித்ததில் சாவி வழுக்கி, கீறல் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "இன்னிக்கு ஒண்ணு" என்பார்.

"எத்தனையாவது?"

"முப்பத்திரண்டு. தபாலாபீஸ் அம்மா. லாரிக்கு நேரா விட்டாங்க."

"நாலு வார்த்தை திட்டினீங்களா?"

"எதுக்குத் திட்டணும்? பாவம், தெரியாம பண்றாங்க. தெரிஞ்சா என்கிட்ட எதுக்கு வர்றாங்க?"

அவர் மனசு அப்படி. கீறல் போட்ட மாணவரிடம் மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி "வாங்க, கண்ணாடியைச் சரி பண்ணிக்குங்க" என்று ஆரம்பிப்பார்.

நாற்பத்திரண்டாவது கீறல் போட வேண்டியது, மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு வங்கிக் குமாஸ்தாவுக்கு. பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தவர், பாலத்துக் கைப்பிடிச் சுவரில் கொண்டுபோய்ச் சாத்தினார். மோதியது வாத்தியார் பக்கம். அவர் மிதித்திருந்த பிரேக் அப்படியே பின்னால் வந்து முழங்காலுக்குக் கீழே எலும்பை இரண்டாக்கியது. கதவை நெம்பித்தான் அவரை வெளியே எடுத்தார்கள். கீறல் போட எங்கே நேரம்? குமாஸ்தாவுக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். வாத்தியார்தான் அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினார்.

நொறுங்கிய வண்டியை இழுத்துப்போனது வாத்தியாரின் மச்சினன், மனைவியின் தம்பி. கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவன். சொந்தமாக ஒரு இழுவை லாரியும் உண்டு. பதினாலு வயதில் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்து, ஆறு வருஷம் அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே தூங்கி, ஸ்பானர் பிடிக்கப் பழகியவன். அவனுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது வாத்தியார். முதல் முதலாக ஒர்க்‌ஷாப் ஷட்டரைத் தூக்கிய அன்றைக்கு, "மாமா, நீங்க தொடுங்க" என்று அவர் கையைப் பிடித்துத் தூக்க வைத்தான். வாத்தியாருக்குப் பிள்ளை இல்லை. மச்சினன் இருக்கிறானே, போதும் என்று இருந்துவிட்டார்.

அவன் ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னது இன்னும் அவர் காதில் இருக்கிறது. "பாத்தேன் மாமா. அடிச்சட்டமே முறுக்கிக்கிச்சு. இனிமே அது பழைய இரும்புதான். அதை நிமித்தி எவனாவது ரோட்டுல விட்டான்னா, அவனைப் பிடிச்சு உள்ள போடணும்."

காலில் இரும்புத் தகடு வைத்து ஐந்து மாசம் படுத்துக்கிடந்தபோதுதான் வாத்தியார் கைப்பேசியில் அந்த வீடியோவைப் பார்த்தார். ஊருக்கு வெளியே ஒரு பந்தயத் தடம். மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைச் சாதாரண ஜனங்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். டிராக் டே என்று பெயர். கட்டணம் கட்டி, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, சொந்தக் காரை எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளலாம். பந்தயம் கிடையாது, பரிசு கிடையாது. எதிரில் யாருமே வராத ரோடு. வாத்தியார் அதை எத்தனை தடவை பார்த்தார் என்று கணக்கே இல்லை. தன் வேலையில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத மனிதருக்கு அது எப்படி இருந்திருக்கும்!

"இந்த வயசுல ரேஸா?" என்றார் மனைவி.

"ரேஸ் இல்ல. யாரையும் முந்த வேணாம். நான் என் பாட்டுக்குச் சுத்திட்டு வருவேன். ஒரே ஒரு நாளாவது மிதிச்சு நிறுத்தாம, மிதிச்சு ஓட்டிப் பாக்கணும்."

அந்த அம்மா ரொம்ப நேரம் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி பாவனை செய்தார். பிறகு, "உடைஞ்ச காலுக்கு ஸ்கூல்ல குடுத்த பணம் அப்படியே இருக்கு. அது உங்க காலு, உங்க பணம். ஆனா மொத நாள் நானும் பக்கத்துல உட்காருவேன்" என்றார்.

"தாராளமா உட்காரு. அந்த வண்டியில பக்கத்து சீட்டுல நான் மட்டும் உட்கார மாட்டேன். சாமி சத்தியமா உட்கார மாட்டேன்."

மாணவர் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் வாத்தியார் பட்டியல் போட ஆரம்பித்தார். வண்டி எடை குறைவாக இருக்க வேண்டும். கையால் மாற்றும் கியர். சின்ன எஞ்சின் போதும். சின்ன வண்டிக்கு டயரும் மலிவு, பிரேக் கட்டையும் மலிவு. பணத்தில் பாதிதான் வண்டிக்கு. மீதி டயருக்கும் பிரேக்குக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில், இரண்டு கோடு அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார்: அடிபடாத வண்டி. எஞ்சின் போனால் வேறு எஞ்சின் வைத்துக்கொள்ளலாம். அடிச்சட்டம் கோணிப்போனால் வண்டியே போச்சு. இது மச்சினன் சொல்லிக்கொடுத்த பாடம்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் வண்டி பார்க்கக் கிளம்பினார்கள். தகடு வைத்த காலோடு தரையில் படுத்து எழுந்திருக்க முடியாது என்பதால் வாத்தியார் வெளியில் நின்று டார்ச் பிடிப்பார். மச்சினன் அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் படுப்பான். அடியில் என்ன இருக்கிறது என்பதற்கு அவன் கண்தான் வாத்தியாருக்குக் கண்.

முதல் வண்டி ஒரு உடற்பயிற்சிக்கூடக்காரருடையது. சிவப்பு நிறம், பின்னால் பெரிய இறக்கை. மச்சினன் அடியிலிருந்து வந்து, "மேல புலி, கீழ எலி. வாங்க போலாம்" என்றான். வாத்தியாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

இரண்டாவது, ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவரின் நீல வண்டி. எண்ணெய் மாற்றிய ரசீதுவரை எல்லாம் தேதிவாரியாக ஒரு கோப்பில் இருந்தது. வாத்தியார் தெருமுனைவரை ஓட்டிப் பார்த்தார். ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி இருந்தது. இதுதான் என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டார். மச்சினன் வெகுநேரம் அடியில் கிடந்தான். பிறகு எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கினான். தனியாகக் கூட்டிப்போய், "எண்ணெயும் தண்ணியும் கலக்குது மாமா. ஆறு மாசம் தாங்காது. வேணாம்" என்றான். அந்த நர்ஸம்மாவின் முகம் விழுந்துபோயிற்று. "நான் ஒழுங்காத்தான் வெச்சிருந்தேன் தம்பி" என்று மட்டும் சொன்னார். திரும்பி வரும் வழியில் வாத்தியார் மச்சினனின் தோளைத் தட்டிக்கொடுத்தார். நல்லவேளை நீ இருந்தே என்றார்.

மூன்றாவது வண்டி அவன் ஒர்க்‌ஷாப்பிலேயே நின்றது. சாம்பல் நிறம், புதுப் பெயின்ட். உள்ளே பின்சீட்டு எடுத்திருந்தது. முன்னால் பந்தய வண்டியில் இருக்கிற மாதிரி இரண்டு ஆழமான சீட்டு.

"ஒரு பார்ட்டி டிராக்குக்குன்னே தயார் பண்ணச் சொன்னான் மாமா. வெளிநாட்டுல வேலை கெடச்சுப் போயிட்டான். பாதி விலைக்குத் தள்ளிடுன்னுட்டான். டிராக்குக்கு மட்டும்தானே? ரோட்டுப் பேப்பர் எதுவும் வேணாம், என் லாரியிலயே ஏத்திக்கலாம்."

வாத்தியார் வண்டியைச் சுற்றி வந்தார். "நம்ம ஸ்கூல் பழைய வண்டி மாடல்ல இது?"

"அதே மாடல்தான். உங்களுக்குக் கை பழகின வண்டி. வேற எதுக்குப் போனாலும் பழகவே ஒரு வருஷம் ஆகும்."

வாத்தியார் ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார்ந்தார். கியரைப் போட்டார். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி அது தானாக விழுந்தது. பின்சந்தில் மூன்றாவது கியர்வரை போய்வந்தார். வாயெல்லாம் பல்லாக இறங்கியவர், பட்டியலின் முதல் வரி ஞாபகம் வந்து கேட்டார்: "அடிபட்ட வண்டி இல்லையே, மாப்ள?"

"உங்களுக்கு அடிபட்ட வண்டியைக் குடுப்பேனா மாமா?"

அது பதில் இல்லை, கேள்வி. அப்போது அவருக்கு அது உறைக்கவில்லை. அன்றைக்கு அவர் பார்க்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்த பக்கத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்க்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் கதவைத் திறந்து இரண்டு பக்கமும் ஏறிப் பார்த்திருப்பார்கள். இவருக்கு அந்தப் பக்கமே பிடிக்காமல் போயிருந்தது. சத்தியம் வேறு பண்ணியாயிற்று.

அடுத்த ஐந்து மாசம் வாத்தியார் சந்தோஷத்தில் தரையில் நடக்கவில்லை. நல்ல டயர் நாலு வாங்கினார். சூடு தாங்குகிற பிரேக் கட்டை வாங்கினார். மச்சினன் ஒரு நாள் காகிதத்தில் அளவு வெட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தான். "அக்கா, வண்டித் தரைக்குத் தடியா ஒரு கம்பளம் வேணும். சத்தம் வராம இருக்கும். ஓரமெல்லாம் நீ அடிச்சுக் குடு, கெட்டியா ஒட்டிடறேன்" என்றான். அந்த அம்மா இரண்டு ஊசியை முறித்துக்கொண்டு அந்தத் தடிக் கம்பளத்துக்கு ஓரம் அடித்துக் கொடுத்தார். தம்பி கேட்டானே, அவர் ஓட்டப்போகிற வண்டியாச்சே என்று சிவப்பு நூலில் இரட்டைத் தையலாகவே போட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு மூன்று பேரும் போனார்கள். அந்த அம்மா நடுவில், மடியில் மூன்று சாப்பாட்டு டப்பாக்கள். வாயிலில் வண்டியைப் பரிசோதித்தவர் குனிந்து பார்த்து, "அடியில புதுசா கறுப்பு அடிச்சிருக்கீங்களே?" என்றார். "துரு பிடிக்காம இருக்க சார்" என்று மச்சினன் முந்திக்கொண்டு சொன்னான். பேட்டரி கட்டியிருக்கிறதா, சக்கர நட்டு இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அவர் ஒரு எண்ணை ஒட்டி அனுப்பினார்.

கொட்டகை நிழலில் வரிசையாக வண்டிகள் நின்றன. நாலாவதாக நின்றது அந்த நீல வண்டி. வாத்தியாருக்குச் சட்டென்று அடையாளம் தெரிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பேக்கரிக்காரரிடம் கேட்டார்.

"ஒரு நர்ஸம்மாகிட்ட வாங்கினேன் சார். இதோட அஞ்சாவது தடவை வர்றேன். எஞ்சின்ல இதுவரைக்கும் கை வெச்சதில்ல, எண்ணெய் மட்டும் மாத்தறேன். தங்கமான வண்டி."

வாத்தியார் திரும்பி மச்சினனைப் பார்த்தார். "விக்கிறதுக்கு முன்னாடி சரி பண்ணியிருப்பாங்க மாமா" என்றான் அவன், டயருக்குக் காற்றுப் பிடிப்பதில் மும்முரமாக இருந்தபடி.

இதற்குள் அந்த அம்மா வாடகைக்கு எடுத்த ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டார். "எப்படி இருக்கு?" என்றார். உள்ளிருந்து குரல் பானைக்குள் பேசுவது மாதிரி வந்தது.

"நீ வேணாம் அக்கா" என்றான் தம்பி.

"ஏன்டா? அப்பவே பேசி வெச்சதாச்சே."

"மொத தடவை அவர் தனியா ஓட்டட்டும். அந்தப் பக்கத்து சீட்டு போல்ட்டு வேற இன்னும் சரியா இறுகல. சொன்னா கேளு. நீ ஏறக்கூடாது, அவ்வளவுதான்."

அவன் அப்படிக் குரலை உயர்த்திப் பேசி அவர்கள் கேட்டதில்லை. அந்த அம்மா முகம் சுருங்கி ஹெல்மெட்டைக் கழற்றினார். அடுத்த தடவை என்று வாத்தியார் சமாதானம் சொன்னார்.

அப்போதுதான் கையுறை மாட்டிக்கொண்டு தடத்தின் பயிற்சியாளர் வந்தார், முப்பது வயதுப் பெண். "புதுசா வர்றவங்களுக்கு மொத ரெண்டு சுத்து நான் ஓட்டிக் காட்டணும் சார். நீங்க பக்கத்துல உட்காருங்க. அது இங்க கட்டாயம்."

மச்சினன் காற்றுக் குழாயைக் கீழே போட்டான். "மேடம், அவருக்கு ஓட்டத் தெரியும். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் அவரு."

"யாரா இருந்தாலும் இதான் விதி."

வாத்தியார் சிரித்துக்கொண்டார். சத்தியம் பண்ணினாலும் அந்த சீட்டு விடாது போலிருக்கிறதே என்று நினைத்தபடி கதவைத் திறந்தவர், போல்ட் விஷயம் ஞாபகம் வந்து சீட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது அசையவே இல்லை. கல்லு மாதிரி இறுகியிருந்தது. பின் எதற்கு அப்படிச் சொன்னான் என்று மனசில் ஒரு நிமிஷம் ஓடியது. வண்டி கிளம்பிவிட்டது.

முதல் சுற்று மெதுவாக. எந்த வளைவில் எங்கே திருப்ப வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே போனார். வாத்தியாரின் வலது கால் வழக்கம்போல் தரையை அழுத்தியது. "சார், அந்தப் பக்கம் பிரேக் இல்ல" என்று அவர் சிரித்தார். வாத்தியாரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருக்கும்போது பாதத்துக்கு அடியில், கம்பளத்துக்குக் கீழே, நாலு சின்ன மேடு தட்டுப்பட்டது. சதுரத்தின் நாலு மூலை மாதிரி. ஸ்கூல் வண்டியில் வாத்தியார் பக்கத்துப் பிரேக்கின் தாங்கியை எங்கே நாலு போல்ட் போட்டு முடுக்குவார்களோ, அதே இடம்.

இரண்டாவது சுற்றில் வேகம் நூறைத் தாண்டியது. நேர்ப்பாதை முடியும் வளைவில் அந்தப் பெண் பிரேக் போட்டார். வண்டி பின்பக்கத்தைச் சிலுப்பிக்கொண்டு பக்கவாட்டில் இழுத்தது. அவர் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்ட, புல்தரையில் இரண்டு சக்கரம் இறங்கிப் பிறகு ஏறியது. தடத்தின் ஓரத்தில் தடுப்பாக வைத்த டயர் அடுக்கு வாத்தியார் பக்கத்துக் கண்ணாடிக்கு மிக அருகில் போயிற்று. பழைய பாலத்துச் சுவர் கண்ணில் வந்துபோயிற்று.

"என்ன சார் வண்டி இது? பிரேக் போட்டா முழு வண்டியும் முறுக்குதே!"

அதற்குள் வாத்தியாரின் கை தன் பாட்டுக்கு டாஷ்போர்டுக்கு அடியில் போயிருந்தது. பழக்கம். சாவி இல்லாத வெறும் விரல்தான். விரல் நுனியில் ஒரு கீறல் பட்டது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. வண்டி மெதுவாகக் கொட்டகைக்குத் திரும்பும்வரை அவர் விரலால் எண்ணிக்கொண்டே வந்தார். பதினேழாவது கோணலாக இழுத்துக்கொண்டு போயிருந்தது.

வெளியெல்லாம் பெயின்ட் அடித்தவன், உள்ளெல்லாம் மாற்றியவன், அந்த விளிம்புக்கு அடியில் விரலை விட்டுப் பார்க்கவில்லை. அவனுக்குத் தெரியாதே!

பயிற்சியாளர் இறங்கி, "இதை இன்னிக்கு உங்களை ஓட்ட விட முடியாது சார். அடிச்சட்டத்துல ஏதோ கோளாறு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். வாத்தியார் சீட்டிலேயே இருந்தார். உடைந்த காலுக்கு வந்த பணத்தில், காலை உடைத்த வண்டியையே வாங்கியிருக்கிறோம் என்பது அவருக்கு ஒவ்வொரு துண்டாகத்தான் புரிந்தது. தங்கமான நீல வண்டி மச்சினன் வாயில் எதனால் கெட்டுப்போனது என்று புரிந்தது. கம்பளம் எதற்கு என்று புரிந்தது. அழக்கூடாது என்று நினைத்தார்.

பிறகு இறங்கி, வண்டிச் சாவியை மச்சினனிடம் நீட்டினார். "மாப்ள, நீ ஓட்டு. ஒரே ஒரு சுத்து. மேடம்கிட்ட நான் கேட்டுக்கறேன். நான் பக்கத்துல உட்கார்றேன்."

"எனக்கு எதுக்கு மாமா? இது உங்க நாளு."

"நீ தயார் பண்ணின வண்டிதானே? ஹெல்மெட்டைப் போடு."

"போயேன்டா, ஆசையா கூப்பிடறாரு" என்றார் அந்த அம்மா, ஒன்றும் தெரியாமல்.

அவன் சாவியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வண்டியைப் பார்த்தான், தடத்தைப் பார்த்தான். முகத்தில் ரத்தமே இல்லை. "வயிறு சரியில்ல மாமா" என்றான். இருபது வருஷமாக இயந்திரத்தோடு மாரடிக்கிறவன் ஒரு சுற்று ஓட்டப் பயந்துபோய் நிற்பதைப் பார்த்த பிறகு வாத்தியாருக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

"நீ இங்க வா" என்று மனைவியைக் கூப்பிட்டு அந்த சீட்டில் உட்கார வைத்தார். கையைப் பிடித்து விளிம்புக்கு அடியில் வைத்தார். "எண்ணிப் பாரு."

அந்த அம்மாவின் உதடு அசைந்தது. பதினேழில் நின்றது. குனிந்து, தான் ஓரம் அடித்த கம்பளத்தைப் பிடித்து ஒரே இழுப்பாகப் பிய்த்தார். நாலு போல்ட் ஓட்டையையும் நாலு தகரத் துண்டு வைத்துப் பற்றவைத்து மூடியிருந்தது. அதற்கு மேலே, தரைத் தகட்டின் குறுக்கே, சுத்தியலால் அடித்துத் தட்டையாக்கிய மடிப்பு ஒன்று கட்டை விரல் தடிமனுக்கு ஓடியது. சிவப்பு நூல் இரட்டைத் தையல் கையில் தொங்க அவர் இறங்கி வந்தார்.

"என் கையாலயே மூட வெச்சியாடா?"

"அக்கா, நான் நல்லாத்தான் நிமித்தினேன். இழுத்து, அளவு பாத்து..."

"நிமித்தி ஓட்ட விட்டா உள்ள போடணும்னு சொன்னது யாரு?"

"மூணு வருஷமா ஷெட்டுல இடத்தை அடைச்சுட்டுக் கெடந்துச்சு. யாரும் எடுக்கல. மாமா எப்படியும் மெதுவாத்தான் ஓட்டுவாருன்னு... நூறெல்லாம் போக மாட்டாருன்னு..." அவன் திணறினான். பிறகு, பெரிய நியாயம் ஒன்று கிடைத்துவிட்டது போல அவன் முகம் தெளிந்தது. "உன்னை நான் ஏற விடலையே அக்கா! நீ ஏறக்கூடாதுன்னு கத்தினேன்ல?"

தடத்தில் நீல வண்டி சீராக ஒரு சுற்று முடித்துப் போயிற்று.

அக்காவைக் காப்பாற்றியதாக அவன் நினைக்கிறான். நிஜமாகவே நினைக்கிறான். அதுதான் வாத்தியாரைக் குத்திக் கிழித்தது. தெரியாமல் விட்டிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். சீட்டில் யார் உட்காரலாம், யார் உட்காரக்கூடாது என்று அவன் பிரித்துப் பார்த்திருக்கிறான். சோறு போட்டு வளர்த்த இந்த மனிதர் உட்காரலாம் என்ற பக்கத்தில் விழுந்திருக்கிறார்.

"அப்ப நான் ஏறலாமா, மாப்ள?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. மாணவரிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

வாத்தியார் திரும்பவும் போய் அந்தச் சீட்டில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துக் கையை அடியில் விட்டார். அந்த அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து வாத்தியார் கையை வெளியே எடுத்தார், சாவியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார், கதவைச் சாத்திவிட்டு நடந்தார். வண்டியின் சாவி மச்சினன் கையிலேயே இருந்தது. அவர் கேட்கவில்லை. பின்னால் "மாமா, மாமா" என்று இரண்டு தடவை கேட்டது.

வாயிலுக்கு வெளியே பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அந்த அம்மா இரண்டு டப்பாவைத் திறந்தார்; மூன்றாவதைத் திறக்காமல் பைக்குள் தள்ளினார். அவர் பேச்சு அன்றைக்கு ரொம்ப மெதுவாகத்தான் வந்தது.

"நாப்பத்திரண்டு போட்டீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

வாத்தியார் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவங்க நாப்பத்தோரு பேரும் தெரியாம பண்ணினவங்க. அவங்க வரிசையில இவனை எப்படிப் போடறது?"